மலையிலிருந்து கடலுக்கு: ஒரு குடும்பப் பயணத்தைத் திட்டமிடுதல்

உயர்தரப் புவியியலில் மத்தியதரைக் காலநிலை என்றொரு பாடம் வருகிறது. கோடையில் வறட்சி, மாரியில் மழை. இந்த ஒற்றை வரியைப் பரீட்சைக்காக மனனம் செய்துவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், துருக்கி ஆகிய நாடுகளின் கடற்கரைச் சுற்றுலா இந்த வரியின் மேல்தான் நிற்கிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை அங்கே மழை அரிது, கடலும் பெரும்பாலும் அமைதி. பாடசாலை விடுமுறையும் அந்த மாதங்களில்தான். அங்குள்ள ஒரு குடும்பம் கடலுக்குப் போக நினைத்தால், எந்த மாதம் போவது என்று யோசிக்க வேண்டியதில்லை. எந்தக் கடற்கரை என்று மட்டும் பார்த்தால் போதும்.

நமக்கு அப்படியில்லை. இலங்கையில் கடற்கரையைத் தெரிவு செய்வதற்கு முன் கலண்டரைப் பார்க்க வேண்டும். ஜனவரியில் பிள்ளைகள் விளையாடிய அதே மணலில் ஓகஸ்ட்டில் சிவப்புக் கொடி பறக்கும். எனக்குத் தெரிந்த பல குடும்பங்கள் ஓகஸ்ட் விடுமுறையில் தெற்குக் கரைக்கு வேன் பிடித்துப் போய், அலைக்குப் பயந்து கரையிலே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றன. அந்த இடத்தில் ஒரு குறையும் இல்லை, மாதம்தான் பொருந்தவில்லை.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகிறது. அது இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு நேரே நம் மேற்கு, தெற்குக் கரைகளில் மோதுகிறது. அந்தக் காலத்தில் ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸை ஆகிய இடங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அதே காற்று மத்திய மலைநாட்டில் ஏறும்போது தன் மழையைக் கொட்டிவிடுகிறது. கண்டியில் ஜூன், ஜூலை மாதங்களில் உடுப்புக் காயாமல் நாம் படும் பாடு இதனால்தான். மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அது ஈரமில்லாத சூடான காற்றாகிவிடுகிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் அதைக் கச்சான் என்கிறார்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் பெரிய அலை எழும்புவதில்லை. நமது மழைக்காலம் அவர்களுக்குக் கடல் குளிக்கும் காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று வரும்போது எல்லாம் மாறிவிடும். அப்போது கிழக்கு கொந்தளிக்கும், தெற்கும் மேற்கும் அடங்கும்.

இதிலே முஸ்லிம் பாடசாலை மாணவிகளாகிய நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நமக்கு ரமழானோடு ஒட்டி ஒரு நீண்ட விடுமுறை. இப்போதைய ஆண்டுகளில் ரமழான் பெப்ரவரி, மார்ச் பக்கம் வருவதால் நோன்புப் பெருநாள் முடிந்து போகும் பயணத்துக்குத் தெற்குக் கரையே பொருத்தம். மாத்தறைக்கு அருகேயுள்ள பொல்ஹேன, முருகைக்கற் பாறைகள் அலையைத் தடுக்கும் ஒரு சிறிய குளிக்கும் இடம். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஏற்றது. ஆனால் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. பெருநாள் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். 2030இல் ரமழான் ஜனவரியில் ஒரு தடவையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு தடவையும் ஆரம்பமாகும். ஆகவே “சாச்சி வீட்டார் பெருநாளுக்கு எங்கே போனார்கள்?” என்று கேட்டு அங்கேயே போகும் பழக்கம் எல்லாக் காலத்துக்கும் உதவாது.

ஓகஸ்ட்டில் போவதானால் என் தெரிவு பாசிக்குடா. திருகோணமலையின் நிலாவெளியும் அழகானதுதான், ஆனால் நீந்தத் தெரியாதவர்கள் நிறைந்த ஒரு குடும்பத்துக்குப் பாசிக்குடா மேல். பெயரிலேயே குடா இருக்கிறது. பிறை வடிவில் வளைந்த கரை, வெளியே முருகைக்கற்பார், உள்ளே ஏரி போல அடங்கிய தண்ணீர். மணற்தரை மிக மெதுவாகச் சரிவதால் வெகுதூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவிலேயே நிற்கும். யுத்தகாலத்தில் மக்கள் அதிகம் போகாத இடமாகிவிட்ட இந்தக் கரையை 2004 சுனாமியும் தாக்கியது. 2009க்குப் பிறகே ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. பக்கத்திலுள்ள கல்குடா இதைவிட நீண்டது, அமைதியானது, ஆட்கள் குறைவு. ஆனால் அது திறந்த கடல். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றைப் போலத்தான் மற்றதும் என்று எண்ணிவிடக் கூடாது. கல்குடாவில் நடக்கலாம், குளிப்பதற்குப் பாசிக்குடாவே நல்லது.

போன ஓகஸ்ட்டில் நாங்கள் அங்கே போனபோது எங்கள் உம்மும்மாவும் வந்தார். எழுபது வயது வரை கடலைப் பல தடவை பார்த்திருக்கிறார், ஒரு தடவையாவது உள்ளே இறங்கியதில்லை. எப்போதும் மரத்தடியில் பாய் விரித்து, செருப்புகளையும் கைத்தொலைபேசிகளையும் சோற்றுப் பார்சல்களையும் காத்துக்கொண்டிருப்பதே அவருடைய பங்கு. இந்தத் தடவை உம்மாவும் சாச்சியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அழைத்துப் போக, முழங்கால் அளவு தண்ணீரில் மெதுவாக உட்கார்ந்தார். கிழக்குக் கடல் அந்த மாதத்தில் 28 பாகை செல்சியஸுக்கு அண்மையாக இருக்கும், வாளியில் கலந்து வைத்த வெந்நீர் ஆறியது போல. “இதென்ன புள்ள, குளிரவே இல்லையே!” என்றார். பிறகு ஒரு மணித்தியாலம் எழும்பவில்லை. குடும்பத்துக்கு ஏற்ற கடற்கரை என்று விளம்பரங்களில் எழுதுகிறார்களே, குடும்பம் என்றால் யார் யார் என்று அன்றைக்குத்தான் நான் யோசித்தேன். ஆண்களும் சிறுவர்களும் குளிக்க, பெண்கள் பை காக்கும் இடத்தை அப்படிச் சொல்லலாமா?

இனிச் சுத்தம். மத்தியதரைக் கடலோரத்தில் இதற்கொரு அடையாளம் வைத்திருக்கிறார்கள், அது நீலக் கொடி. 1985இல் பிரான்ஸில் ஆரம்பித்த இந்தத் திட்டம் 1987இல் ஐரோப்பாவுக்கும் 2001இல் ஐரோப்பாவுக்கு வெளியேயும் விரிந்தது. கடற்கரைக்கென 33 நிபந்தனைகள். தண்ணீரின் தரம், உயிர்காப்பாளர், மலசலகூடம், குப்பைத்தொட்டி, அறிவித்தல் பலகை, வலது குறைந்தவர்களுக்கான வழி என்று அவை நீள்கின்றன. நீலக் கொடி ஒரு பருவத்துக்கு மட்டுமே, அடுத்த ஆண்டு திரும்பவும் தகுதி காட்ட வேண்டும். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தடவை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு இருக்க முடியாது. தண்ணீரை எடுத்து, மனிதரின் அல்லது மிருகங்களின் கழிவு கலந்ததைக் காட்டும் பற்றீரியாக்களை எண்ணுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் ஈ-கோலை 250ஐயும் என்டரோகொக்கை 100ஐயும் தாண்டக் கூடாது என்பது அவர்களின் எல்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீர் சுத்தமானதென்று நாம் நினைப்பதை இந்த அளவீடு ஏற்றுக்கொள்வதில்லை. நமக்கு அயலிலும் இது வந்துவிட்டது. 2020இல் இந்தியாவில் எட்டுக் கடற்கரைகளும், 2021இல் சென்னைக்கு அருகேயுள்ள கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் இந்தக் கொடியைப் பெற்றன.

கொடி இல்லாத இடத்தில் நாமே பார்க்க வேண்டியதுதான். முதலில் தண்ணீரைப் பார்க்காமல் கரையோரமாக இரு பக்கமும் சற்று நடந்து பாருங்கள். ஏதாவது வாய்க்கால், கான், ஓடை கடலில் விழுகிறதா? விழுந்தால் அதன் அருகே பிள்ளைகளை இறக்க வேண்டாம். பெருமழை பெய்திருந்தால் ஒன்றிரண்டு நாள் பொறுப்பது நல்லது, ஏனென்றால் ஊரின் அழுக்கெல்லாம் மழையோடுதான் கடலுக்கு வரும். பொது மலசலகூடம் எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். அது பாவிக்க முடியாத நிலையில் இருந்தால் ஆட்கள் வேறெங்கே போகிறார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

இதை எழுதும்போது கண்டிக்காரி என்ற முறையில் எனக்கு ஒரு கூச்சமும் வருகிறது. கண்டி வாவியிலிருந்து வெளியேறி நகரத்தின் நடுவே ஓடும் மெத எல, வழியிலுள்ள கழிவுகளை வாங்கிக்கொண்டு கெட்டம்பையில் மகாவலியில் கலக்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கே கடலைச் சேர்கிறது? மூதூருக்கு அருகே, கொட்டியாரக் குடாவில், அதே கிழக்குக் கரையில். இடையிலுள்ள பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தெம்பை அணைகளில் கொஞ்சம் தங்கிவிடலாம். ஆனாலும் நாம் மார்க்கெட் அருகே கானுக்குள் எறியும் பொலித்தீன் போகும் திசை அதுதான். கிழக்குக் கடற்கரை சுத்தமில்லை என்று முறைப்பாடு சொல்வதற்கு முன் கண்டியில் உள்ளவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிப் பெற்றோருக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மலைநாட்டில் வளரும் பெண் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், கையை உயர்த்தியவர்களை ஒரு கையின் விரல்களாலேயே எண்ணிவிடலாம்.

திறந்த கடலில் ஆட்களை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் பெரிய அலை அல்ல, அலைகளுக்கு இடையே உள்ள அமைதியான பாதை. கரைக்கு வந்து குவியும் தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டும். மணல்மேடு தாழ்ந்திருக்கும் இடமாகப் பார்த்து அது ஓர் ஆறு போலக் கடலுக்குள் பாய்கிறது. இரு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடைய, நடுவே மட்டும் கருநிறமாக, அலை உடையாமல் தெரியும் இடத்தைக் கண்டால் அதுவாக இருக்கலாம். தெரியாதவர்கள் அதையே குளிக்க நல்ல இடமென்று நினைத்து இறங்குகிறார்கள். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைப்பே ஆளைக் கொன்றுவிடும். மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பாதையை விட்டு வெளியேற வேண்டும். அகப்பட்டவரைக் காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து மூழ்குவது நம் நாட்டுச் செய்திகளில் அடிக்கடி வருவதுதான். கயிறோ, வெற்றுத் தண்ணீர்ப் போத்தலோ, பந்தோ, மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு இடையேதான் குளிக்க வேண்டும். அது உயிர்காப்பாளரின் கண் படும் பகுதி. முழுச் சிவப்பு என்றால் அன்றைக்குக் கடலுக்கு விடுமுறை.

பாசிக்குடாவுக்கு உள்ளே இந்த இழுப்பு பெரிதாக இல்லை. அங்குள்ள ஆபத்து வேறு விதமானது. முன்னே சொன்ன கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது அல்லவா? காற்றடித்த டியூப்பிலும் பிளாஸ்டிக் வாத்திலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் அமைதியாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கடையில் ஆசையாக வாங்கும் அந்தச் சாமானை நீச்சல் தடாகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மூழ்கும் பிள்ளை படங்களில் காட்டுவது போலக் கத்துவதில்லை. மூச்சுக்கே இடமில்லாதபோது சத்தம் எப்படி வரும்? முழங்கால் தண்ணீரிலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. அம்பியுலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. இரண்டையும் புறப்படுவதற்கு முன்பே எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

உடை பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. நம்மில் பலர் தண்ணீரில் இறங்காததற்குக் காரணம் பயமல்ல, உடுப்பு. பருத்தி அபாயா தண்ணீரை உறிஞ்சி இரு மடங்கு பாரமாகிக் காலில் சுற்றிக்கொள்ளும். ஊசி குத்திய நீளமான ஷோல் நனைந்தால் கழுத்தையும் முகத்தையும் மூடிவிடும். மார்க்கத்தையும் உயிரையும் ஒன்றாகப் பேணுவதற்கு வழி இல்லாமலில்லை. லெபனானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழும் அஹீதா ஸனெட்டி, தன் மருமகள் ஹிஜாபோடு வலைப்பந்து விளையாடச் சிரமப்பட்டதைப் பார்த்து விளையாட்டு உடை தைக்கத் தொடங்கி, 2004இல் முழு உடலையும் மறைக்கும் நீச்சல் உடையை உருவாக்கினார். விரைவில் காயும் செயற்கை நூலால் ஆனதால் அது தண்ணீரைச் சுமப்பதில்லை. 2016 கோடையில் பிரான்ஸின் மத்தியதரைக் கரையிலுள்ள கான் முதலான நகரங்கள் இந்த உடையைத் தடை செய்தன. ஓகஸ்ட் 26ஆம் திகதி அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் வில்னவ் லூபே என்ற நகரின் தடையை இடைநிறுத்தியது. மிகச் சுத்தமான, எல்லா வசதியுமுள்ள கடற்கரையாக இருந்தாலும் அங்கே எங்கள் உம்மும்மாவுக்கு இடமுண்டா என்று பார்த்தால் பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. பாசிக்குடாவில் நாங்கள் உடுப்போடு இறங்கியபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் தமிழ்ப் பெண்கள் சுரிதாரோடும் சிங்களப் பெண்கள் பாவாடை சட்டையோடும் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

விலை கூடிய உடை வாங்க முடியாவிட்டால் பொலியெஸ்டர் துணியில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் டொப்பும், கணுக்காலில் இறுகும் காற்சட்டையும், ஊசியில்லாமல் தலையோடு பொருந்தும் தொப்பி ஹிஜாபும் போதும். கறுப்பைவிடப் பிரகாசமான நிறம் நல்லது, தண்ணீரில் ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியும். சுபஹ் தொழுதுவிட்டு விடிந்ததும் போனால் வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு.

பாதை இரண்டு. அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை வழியாக வாழைச்சேனைக்குப் போவது ஒன்று. 18 வளைவுப் பாதையால் மஹியங்கனைக்கு இறங்கி, பதியத்தலாவை, மகா ஓயா, செங்கலடி வழியாகப் போவது மற்றது. இரண்டும் ஏறக்குறைய 200 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். வேனில் தலைசுற்றுபவர்கள் இருந்தால் முதலாவதுதான். மலையில் மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும், கடலுக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும் முந்தின நாளே பார்த்துக்கொள்ளலாம். மின்னேரியாப் பக்கமும் மகா ஓயாப் பக்கமும் இரவில் யானை பாதைக்கு வரும், ஆகவே பகலிலேயே ஓட்டம் முடிய வேண்டும். போகவும் வரவும் பத்து மணித்தியாலம் என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்புவதை நான் விரும்ப மாட்டேன். ஓரிரவு தங்கினால் சாரதிக்கும் நித்திரை கிடைக்கும், நமக்கு இரண்டு காலைகள் கிடைக்கும். பெரஹரா நடக்கும் நாட்களில் கண்டி நகரப் பாதைகள் பின்னேரத்தில் மூடப்படும், திரும்பி வரும் நேரத்தை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் கவலையில்லை. வாழைச்சேனைக்கு அடுத்தாற்போல் ஓட்டமாவடி. ஹலால் கடைகளும் பள்ளிவாசல்களும் நிறைந்த நம் ஊர் அது. பயணத் தூரம் இருப்பதால் கஸ்ராகச் சுருக்கியும், ளுஹரையும் அஸரையும் சேர்த்தும் தொழும் சலுகை உண்டு. விவரம் வேண்டுமானால் புறப்படுமுன் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். உப்பு நீரைக் கழுவ நல்ல தண்ணீர் இரண்டு கேன், மாற்றுடைக்கு மறைப்பாகப் பிடிக்கப் பெரிய விரிப்பொன்று, குப்பைக்கு ஒரு பெரிய பை. லஞ்ச் ஷீட்டையும் யோகட் கோப்பையையும் அந்தப் பையில் போட்டுக் கண்டிக்கே திருப்பிக் கொண்டு வரலாம், வேனில் அதற்கு இடமிருக்கிறது.

கடைசியாக, பை காக்கும் முறை. புறப்படுவதற்கு முந்தின இரவு ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். ஒருவருக்கு அரை மணித்தியாலம். முதலில் வாப்பா, அடுத்து நானா, பிறகு மாமா, அதன் பின் உம்மா, சாச்சி, தாத்தா, நான். எங்கள் வீட்டில் இந்தத் தாள் இப்போதே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் உம்மும்மாவின் பெயர் இல்லை.